ஆந்திரா பொன்னிக்கு ருசியும் வேண்டும், நோய் தாங்கும் உடம்பும் வேண்டும்

சத்தியவேட்டுக்கு அருகே ஆறு ஏக்கரில் நெல் வைக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "ஆந்திரா பொன்னி என்கிற பி.பி.டி. 5204 நெல்லைப் போட்டால் புயல் மழை கழிந்ததும் இலையெல்லாம் கருகிவிடுகிறது. நோய் தாங்கும் ரகம் என்று எதையாவது போட்டால் அரிசி ஆலைக்காரர் கையில் எடுத்துப் பார்த்ததுமே மூட்டைக்கு நூறு இருநூறு குறைக்கிறார். நல்ல அரிசியும் நோய் எதிர்ப்பும் ஒரே நெல்லில் சேரவே சேராதா? ஆராய்ச்சி நிலையங்கள் இத்தனை வருடமாக என்னதான் செய்கின்றன?"

சேரும் தம்பி, சேர்த்தும் விட்டார்கள். ஆனால் அதைச் சேர்ப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது, சேர்த்த பிறகும் அது ஏன் உங்கள் வயலுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் ஊர் நாகலாபுரம் பக்கம். நெல் ஆராய்ச்சியில், முதலில் வயல் வேலையிலும் பிறகு அரிசித் தரம் பார்க்கும் ஆய்வகத்திலுமாக, முப்பது ஆண்டுகள் கழித்தவன். ஆலைக்காரரின் கையையும் அறிவேன், கருகிய இலையையும் அறிவேன்.

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். ஆலைக்காரர் ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து மற்றொரு கையால் அழுத்தித் தேய்க்கிறார். உமியை ஊதிவிட்டு, மிஞ்சிய இருபது முப்பது அரிசியை வெளிச்சத்துக்கு நேரே காட்டுகிறார். பிறகு ஒன்றைக் கடித்துப் பார்க்கிறார். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில் அவர் மூன்று தேர்வுகளை முடித்துவிடுகிறார். அரிசியின் வயிற்றில் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளைத் திட்டு இருக்கிறதா? குறுக்கே மயிரிழை விரிசல் ஓடுகிறதா? பல்லில் 'டக்' என்று உடைகிறதா, அல்லது ஈரமாக நசுங்குகிறதா? வெள்ளைத் திட்டு உள்ள இடத்தில் மாவுத் துகள்கள் நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நிற்கிறது. தீட்டும்போது அரிசி அங்கேதான் உடையும். நூறு கிலோ நெல்லில் எவ்வளவு முழு அரிசியாக வரும், எவ்வளவு நொய்யாகப் போகும் என்ற கணக்கைத்தான் அவர் போடுகிறார். உங்கள் நெல்லின் மேல் அவருக்குப் பகை ஒன்றும் இல்லை.

நம் ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைப் பகுதியில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் நெல் நாயுடுப்பேட்டைப் பக்கம் போனால் பச்சரிசியாகும். செங்குன்றம் பக்கம் போனால் பெரும்பாலும் புழுங்கலாகும். நெல்லை அவிக்கும்போது உள்ளே இருக்கும் மாவு வெந்து ஒட்டிக்கொள்வதால் விரிசலும் மூடும், வயிற்று வெள்ளையும் மறையும். பச்சரிசியில் எதுவும் மறையாது. ஆகவே ஒரே ரகத்தைத் தெற்கே ஒருவர் "பரவாயில்லை" என்றும், வடக்கே ஒருவர் "வேண்டாம்" என்றும் சொன்னால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் விற்பவர் பச்சரிசிக்குத் தேறும் நெல்லாகப் பார்த்துப் போடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்தது சமையலறைத் தேர்வு. ஆய்வகத்தில் நாங்கள் செய்வது எளிய சோதனைதான். சின்னக் கண்ணாடித் தட்டில் ஆறு அரிசியை இடைவெளி விட்டு வைப்போம். 1.7 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரை ஊற்றி, அசையாமல் 23 மணி நேரம் விட்டுவிடுவோம். மறுநாள் வந்து பார்த்தால் சில ரகங்களின் அரிசி வைத்தபடியே கல்லாகக் கிடக்கும். சில ரகங்கள் கரைந்து வெறும் பால் திட்டாகியிருக்கும். இடைப்பட்டவற்றில் அரிசியின் உருவம் இருக்கும், ஆனால் அதைச் சுற்றிப் பஞ்சு பிரிந்ததுபோல ஒரு வளையம் நிற்கும். 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவோம். எந்தச் சூட்டில் அரிசி வேகத் தொடங்கும் என்பதை இது சொல்லிவிடும். அமைலோஸ் என்ற மாவுப் பொருளின் அளவைத் தனியே பார்ப்போம். அது 25 சதவீதத்துக்கு மேல் போனால் சோறு உதிரியாக வரும், ஆனால் ஆறியதும் விறைத்துவிடும். 20க்குக் கீழே போனால் குழையும், ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் உதிரியாகவும் இருக்கும், ஆறினாலும் மென்மை போகாது. பி.பி.டி. 5204 அந்த நடுவில் நிற்கிறது. அதோடு மெல்லிய நடுத்தர நீளம், கண்ணாடி போன்ற தெளிவு. சம்பா மசூரி, ஆந்திரா பொன்னி என்றெல்லாம் எத்தனை பெயர் வைத்துக் கொண்டாடினாலும் அந்தச் சோற்றுக்குத் தகும்.

இதன் பிறப்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1921இல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் ஜி.இ.பி. 24 என்ற நெல்லை வெளியிட்டது. கிச்சிலிச் சம்பா என்று நம் தாத்தாக்கள் கொண்டாடியது அதைத்தான். அதைத் தைவான் நாட்டுக் குட்டை நெல்லோடு சேர்த்து, பிறகு மசூரி என்ற நெல்லோடு சேர்த்து, ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் 1986இல் கொடுத்ததுதான் பி.பி.டி. 5204. அதே ஜி.இ.பி. 24ஐக் கோ 18 என்ற நெல்லோடு சேர்த்து நமக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவாக்கியது டி.கே.எம். 6. இந்த டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பானையும் பாக்டீரியா இலைக் கருகலையும் தாங்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கிப் பயன்படுத்தி உருவாக்கியதுதான் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சாப்பிட்ட ஐ.ஆர். 20. ஒரே பாட்டியின் வழியில் ஒரு பேத்திக்கு ருசியும் இன்னொரு பேத்திக்கு உடல் வலுவும் போய்ச் சேர்ந்தன. உங்கள் கேள்வி அந்த இரண்டு பேத்திகளையும் பற்றியதுதான்.

இனி நோய்க்கு வருகிறேன். நம் பக்கத்தில் 'அக்கி தெகுலு' என்று தெலுங்கில் சொல்லும் குலை நோயையும், பாக்டீரியா இலைக் கருகலையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். குலை நோய் பூஞ்சணத்தால் வருவது. இலையில் கண் வடிவப் புள்ளி விழும். மார்கழிப் பனியில் கதிரின் கழுத்தைப் பிடித்தால் கதிர் பதராகும். இலைக் கருகல் பாக்டீரியாவால் வருவது. இலை நுனியிலிருந்து ஓரமாகவே அலை அலையாக மஞ்சளாகி வைக்கோல் நிறத்தில் இறங்கி வரும். காற்றும் மழையும் இலையோடு இலையை உரசிக் காயம் செய்ததும் அந்தக் காயத்தின் வழியே நுழைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு என் அண்ணன் மகன் வயலில் அப்படித்தான் ஆனது. தண்ணீர் நின்றதால் வேர் அழுகிவிட்டது என்று அவன் நினைத்தான். நான் மஞ்சள் விழுந்த ஓர் இலையைக் கிள்ளி, மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் குறுக்கே கத்தரித்து, கண்ணாடித் தம்ளரில் இருந்த தெளிந்த நீரில் வெட்டு வாய் முழுகும்படி பிடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து ஊதுவத்திப் புகைபோல ஒரு வெள்ளை இழை மெல்லக் கீழே இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா. வேர் அழுகலிலோ வறட்சியிலோ அந்த இழை வராது. மருந்துக் கடைக்கு ஓடுமுன் இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள், ஒரு தம்ளர் தண்ணீர்தான் செலவு. பூஞ்சண மருந்தைப் பாக்டீரியாவின் மேல் தெளித்துப் பணத்தைக் கரைத்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர்.

இந்த நோய்க்கு மருந்து அடித்துக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. பாக்டீரியா இலை நரம்புக் குழாய்க்குள் உட்கார்ந்துகொள்வதால் மேலே தெளிப்பது எட்டாது. அதனால்தான் ஆராய்ச்சி முழுவதும் நெல்லுக்குள்ளேயே எதிர்ப்பை வைப்பதை நோக்கிப் போனது.

அங்கேதான் உங்கள் ஆலைக்காரர் குறை சொல்லும் விஷயம் வருகிறது. நோய் எதிர்ப்புக்கும் நல்ல அரிசிக்கும் இயற்கையில் பகை எதுவும் கிடையாது. எதிர்ப்பு மரபணு இருப்பது பெரும்பாலும் காட்டு நெல்லிலோ, தடித்த முரட்டு நெல்லிலோதான். அதை எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் வேண்டாத குணங்களும் கொத்தாகச் சேர்ந்தே வருகின்றன. நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கினால் பக்கத்துக் கோரையும் வேரோடு பின்னி வருவது போலத்தான்.

இதற்கு ஜப்பானில் நடந்த ஒன்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அங்கே மானாவாரியாக விளையும் ஒரு பழைய நெல்லில் குலை நோயை நெடுங்காலம் தாங்கும் குணம் இருந்தது. அதை நல்ல சோறு தரும் ரகங்களில் ஏற்றப் பல ஆண்டுகள் முயன்றார்கள். எதிர்ப்பு வந்தபோதெல்லாம் சோற்றின் ருசி கெட்டது. இரண்டையும் ஒரே மரபணுதான் செய்கிறதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இரண்டும் ஒட்டியே வந்தன. கடைசியில் 2009இல் அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்கள். ருசியைக் கெடுத்தது வேறு மரபணு, எதிர்ப்பு மரபணுவுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான செடிகளை அலசி, அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் முறிவு விழுந்த ஒரு செடியைத் தேடிப் பிடித்தார்கள். அதன்பின் எதிர்ப்பும் இருந்தது, ருசியும் கெடவில்லை. நான் இந்தத் துறையில் படித்தவற்றில் என்னை மிகவும் மகிழ்வித்த செய்தி இது. "இரண்டும் சேராது" என்று யாராவது சொன்னால் இன்றும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

நம் ஆந்திரா பொன்னிக்கு வருவோம். ஐதராபாத்தில் அப்போது நெல் ஆராய்ச்சி இயக்குநரகம் என்றிருந்த நிலையமும், அதே ஊரில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, பி.பி.டி. 5204இல் இலைக் கருகலுக்கு எதிரான மூன்று மரபணுக்களை ஏற்றின. எக்ஸ்.ஏ. 21, எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 என்று அவற்றுக்குப் பெயர். 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்று 2008இல் அதை வெளியிட்டார்கள். ஆர்.பி. பயோ 226 என்பது அதன் மறுபெயர்.

முதல் மரபணு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லுக்குச் சொந்தம். அது காவலாளி மாதிரி. பாக்டீரியா வெளியிடும் ஒரு சிறு புரதத்தை மோப்பம் பிடித்துச் செடியை எழுப்பிவிடும். 1995இல் அதைத் தனியே பிரித்தெடுத்தபோது, நெல்லில் அப்படிப் பிரிக்கப்பட்ட முதல் நோய் எதிர்ப்பு மரபணு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. இரண்டாவதன் கதை இன்னும் சுவையானது. பாக்டீரியா செடிக்குள் ஒரு கள்ளச் சாவியைச் செலுத்தி, சர்க்கரையை வெளியே விடும் கதவு ஒன்றைத் திறக்க வைக்கிறது. வெளியே வரும் சர்க்கரையைத் தின்றுதான் அது பெருகுகிறது. அந்தக் கதவையே அடைத்துவிடலாம் என்றால் மகரந்தம் உருவாகவும் அதே மரபணு வேண்டும், அடைத்தால் மணி பிடிக்காது. எக்ஸ்.ஏ. 13 உள்ள நெல்லில் கதவு அப்படியே இருக்கிறது, பூட்டு மட்டும் மாறியிருக்கிறது. கள்ளச் சாவி பொருந்துவதில்லை. மூன்றாவதும் ஏறக்குறைய அப்படித்தான், பாக்டீரியாவுக்குக் கை கொடுக்கும் ஓர் உதவியாளை அது மறுக்க வைக்கிறது.

ஏன் மூன்று? ஒரே பூட்டு போட்டால் பாக்டீரியா சில வருடங்களில் புதுச் சாவி செய்துகொள்ளும். மூன்றையும் ஒரே நேரத்தில் திறப்பது அதற்கு மிக அரிது.

ருசி போகாமல் இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நீங்கள் கேட்டதன் உயிர். எதிர்ப்பு நெல்லோடு ஆந்திரா பொன்னியை ஒட்டினால் பிள்ளை பாதிக்குப் பாதி. அந்தப் பிள்ளையை மீண்டும் ஆந்திரா பொன்னியோடு ஒட்டினால் முக்கால் பங்கு. மறுபடியும் ஒட்டினால் 87.5 சதவீதம். இப்படி நான்கு முறை திரும்ப ஒட்டினால் ஏறத்தாழ 97 சதவீதம் ஆந்திரா பொன்னியாகிவிடும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான நாற்றுகளின் இலையில் ஒரு துணுக்கை எடுத்து, மரபணு அடையாளக் குறியை வைத்து, மூன்றும் உள்ள நாற்று எது என்று பொறுக்கினார்கள். எக்ஸ்.ஏ. 13உம் எக்ஸ்.ஏ. 5உம் தாய் தந்தை இரு வழியிலும் வந்தால்தான் வேலை செய்யும். ஒரு வழியில் மட்டும் வந்திருந்தால் செடியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அடையாளக் குறி இல்லாத காலத்தில் இந்த வேலை இருட்டில் ஊசி தேடுவதாக இருந்தது. இறுதியில் அரிசியின் நீளம், தெளிவு, அமைலோஸ், சோறு எல்லாம் பழைய சம்பா மசூரியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். பின்னாளில் அதன் சர்க்கரை ஏற்றக் குறியீடு, அதாவது சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்ற அளவு, 51க்கு அருகில், அரிசிக்கு மிகக் குறைவாக, இருப்பதும் தெரிய வந்தது.

அப்படியானால் அது ஏன் எல்லா வயலிலும் இல்லை? என் மனத்தை உறுத்துவது இதுதான். ஆராய்ச்சியின் வெற்றியே இங்கே தடையாகிவிட்டது. மேம்படுத்தப்பட்ட ரகத்தையும் பழைய ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெல்லிலும் வேறுபாடு தெரியாது, அரிசியிலும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதானே நோக்கம்? ஆனால் அதனால் மூட்டைக்குள் இருப்பது எது என்று புயல் வந்து நோய் பரவும் வரை யாருக்கும் தெரியாது. எனக்கு வேண்டிய ஒருவர் ஒரு விதைக் கடையில் 'புதுசு' என்று விலை கூட்டி வாங்கி வந்தார். மழை முடிந்ததும் முழு வயலும் கருகியது. பழைய 5204ஐப் பெயர் மாற்றி விற்றிருந்தார்கள். ஒரு போகமே போயிற்று. ஆகையால் அட்டையைப் பார்த்து வாங்குங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையில் ரகத்தின் பெயர் முழுதாக இருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மரபணுக்களும் இலைக் கருகலுக்கு மட்டும்தான். குலை நோய்க்கு அவை உதவாது. குலை நோய்தான் உங்களுக்கு முதல் தொல்லை என்றால் நெல்லூர் நிலையத்தின் என்.எல்.ஆர். 34449ஐப் பாருங்கள். நெல்லூர் மசூரி என்று சொல்வார்கள். ஐ.ஆர். 72ஐயும் பி.பி.டி. 5204ஐயும் சேர்த்து உருவாக்கியது, குலை நோயைத் தாங்கும், அரிசியும் சன்னம். குறுகிய காலப் பயிர் வேண்டுமென்றால் 2013இல் கோயம்புத்தூர் வெளியிட்ட கோ 51 இருக்கிறது. ஆந்திரா பொன்னிக்கு மாற்றாக அதே திரூர்க்குப்பம் நிலையம் 2015இல் கொடுத்த டி.கே.எம். 13 சுமார் 130 நாளில் அறுவடைக்கு வரும். குலை நோய் எதிர்ப்பு மரபணுக்களையும் சம்பா மசூரியில் ஏற்றும் வேலையும் நடந்து வருகிறது. குலை நோய்ப் பூஞ்சணம் பாக்டீரியாவைவிட வேகமாகச் சாவி மாற்றும் என்பதால் அந்த வேலை ஒரு முறையோடு முடிவதில்லை.

2025 மே மாதம் 'கமலா' என்று ஒரு நெல்லைத் தில்லியில் அறிமுகம் செய்தார்களே, அதையும் கேட்பீர்கள். அதுவும் சம்பா மசூரிதான். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் புகுத்தாமல், அதற்குள் இருந்த ஒரு மரபணுவை மட்டும் திருத்தி, கதிரில் மணியைக் கூட்டியிருக்கிறார்கள். சுமார் இருபது நாள் முன்னதாக விளையும், விளைச்சல் 19 சதவீதம் கூடும் என்று அறிவித்தார்கள். நோய் எதிர்ப்பு அதன் நோக்கம் அல்ல. நம் வயலில் நாலு போகம் பார்த்துவிட்டுத்தான் நான் கருத்துச் சொல்வேன்.

எந்த ரகமானாலும் உங்கள் கையில் இருக்கும் வேலை சில உண்டு. நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள். கிள்ளிய நுனி பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். எக்ஸ்.ஏ. 21 என்ற காவலாளி வளர்ந்த பயிரில்தான் முழு பலத்தோடு நிற்பான், நாற்றுப் பருவத்தில் அவனுக்கு அவ்வளவு வலு இல்லை. யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். கரும்பச்சையாக மினுங்கும் பயிரைத்தான் இரண்டு நோயும் முதலில் தேடி வரும். கருகல் தெரிந்ததும் மேலுரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, புதுச் சாணத்தை 20 சதவீதம் கரைத்து வடிகட்டித் தெளிக்கலாம், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பதுதான். நோய் கண்ட வயலின் தண்ணீரைக் கீழ் வயலுக்கு விடாதீர்கள்.

ஆலைக்காரர் சொல்லும் விரிசலில் பாதி ரகத்தின் குற்றம் அல்ல. கதிர் முற்றிய பிறகும் அறுவடை இயந்திரத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தால், பகல் வெயிலில் காய்ந்து இரவுப் பனியில் நனைந்து மணி வெடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும்போதே அறுத்து, நிழலும் வெயிலுமாகக் கிளறி மெல்ல 14க்குக் கொண்டு வந்தால் அதே நெல்லில் நொய் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். தார்ச்சாலையில் உச்சி வெயிலில் கொட்டிக் காயவைப்பது நல்ல நெல்லை நாமே உடைப்பதற்குச் சமம்.

வரும் சம்பாப் பருவத்தில் ஆறு ஏக்கரையும் மாற்ற வேண்டாம். அரை ஏக்கரில் மட்டும் நீல அட்டை போட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை, உங்கள் வழக்கமான 5204க்குப் பக்கத்திலேயே, ஒரே நாளில் நட்டுப் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஓர் இலை எடுத்துத் தம்ளர் சோதனை செய்யுங்கள். அறுத்ததும் இரண்டையும் தனித்தனியாக அரைத்து, ஆலைக்காரரிடம் எது எது என்று சொல்லாமல் காட்டுங்கள். வீட்டில் அம்மாவிடமும் சொல்லாமல் இரண்டையும் வடிக்கச் சொல்லி, மிச்சத்துக்கு நீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் பழைய சோறாகவும் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு என்னிடம் வந்து சொல்லுங்கள், மீதி ஐந்தரை ஏக்கரை அப்போது பேசிக்கொள்வோம்.